லேபல் உரிந்த போத்தல்கள்: உருகுநிலை பார்த்துப் பெயர் கண்டுபிடித்தது

திருகோணமலையில் ஓர் ஆய்வுகூட அலுமாரியைப் பராமரிப்பது லேசான வேலை இல்லை. ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் துறைமுகம், இரண்டுக்கும் நடுவில் நகரம். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை மாதம் வரைக்கும் காற்றில் ஈரம் குறையாது. லேபலின் பசை இளகும், கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும், மிச்சத்தை வெள்ளிப்பூச்சி தின்றுவிடும். நான் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற பாடசாலையில், அலுமாரியின் கீழ்த்தட்டில் இப்படிப் பெயர் போன போத்தல்கள் சில கிடந்தன. எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள்.

பெயர் தெரியாத பொருளை வைத்திருப்பதும் ஆபத்து, என்னவென்று தெரியாமல் கொட்டுவதும் ஆபத்து. அதைவிட, நல்ல இரசாயனப் பொருள் ஒன்றைத் திரும்ப வாங்க எவ்வளவு காலம் ஆகும் என்பது வெளிமாவட்டப் பாடசாலைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் விடுமுறையில் ஆய்வுகூட உதவியாளர் அண்ணனையும், ஆர்வமுள்ள உயர்தர மாணவர் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, இந்தத் தூள்களுக்குப் பெயர் தேடத் தொடங்கினோம். முக்கியமான கருவி உருகுநிலைதான்: தூய பொருள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும். பல்கலைக்கழகங்களில் இதற்கு மின்சூடாக்கியும் உருப்பெருக்கியும் சேர்ந்த பெட்டி இருக்கும். எங்களிடம் இருந்தது வெப்பமானியும் அடுப்பும். கவனமாகச் செய்தால் அதுவே போதும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

எண்ணெய்த் தொட்டி

இந்த வேலைக்கென்றே ஒரு கண்ணாடிக் கருவி உண்டு. தீலே குழாய் என்பார்கள். ஜெர்மன் இரசாயனவியலாளர் யோகான்னஸ் தீலே 1907 இல் அறிமுகப்படுத்தியது. ஒரு சோதனைக் குழாயின் பக்கத்தில் வளைந்த கை ஒன்று ஒட்டியிருக்கும். அந்தக் கையைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகி மேலேறும், குளிர்ந்த எண்ணெய் கீழிறங்கும். கலக்காமலே எண்ணெய் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மேற்காவுகையைப் பாடத்தில் படிப்பிக்கும்போது காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்களிடம் தீலே குழாய் இல்லை. 100 மி.லீ. முகவை ஒன்றில் முக்கால்வாசி திரவப் பரபின் ஊற்றி, தடித்த செப்புக் கம்பியின் நுனியை வளையமாக வளைத்துக் கலக்கி செய்தோம். வளையம் வெப்பமானியைச் சுற்றி மேலும் கீழும் போய்வர வேண்டும். கலக்குகிற கை ஓயக்கூடாது. ஒரு பிள்ளை கலக்க, ஒரு பிள்ளை தூளைப் பார்க்க, நான் வெப்பமானியை வாசிக்க என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

திரவப் பரபின் பாமசியில் கிடைக்கும். 200 பாகை செல்சியஸ் அளவு வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் புகையத் தொடங்கினால் அடுப்பை நிறுத்திவிட வேண்டும். பழைய நூல்களில் செறிந்த சல்பூரிக் அமிலத்தை இந்தத் தொட்டியில் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் சுற்றி நிற்கிற இடத்தில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தேங்காயெண்ணெய் எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். 120, 130 பாகை வேலைக்குச் சமாளிக்கலாம். ஆனால் சீக்கிரம் புகைந்து நிறம் மாறிவிடும், அப்புறம் உள்ளே இருக்கும் தூள் தெரியாது.

இதில் உண்மையான ஆபத்து எண்ணெய்க்குள் போகிற தண்ணீர். முகவையில் ஒரு துளி தண்ணீர் ஒட்டியிருந்தாலும், 100 பாகையைத் தாண்டும்போது அது ஆவியாகிக் கொதியெண்ணெயை வெளியே தெறிக்கவைக்கும். ஈரம் நிறைந்த எங்கள் ஊரில், முகவையையும் கலக்கியையும் வெயிலில் காயவைத்துவிட்டே எண்ணெய் ஊற்ற வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரையும் கிட்ட விடவில்லை.

அடுத்த தொல்லை காற்று. மழைக்காலத்தில் வாடை, ஆனி ஆடியில் கச்சான். யன்னலைத் திறந்துவைத்தால் சுடர் ஒரு நிலையில் நிற்காது, முழுக்க மூடினால் நாங்கள் வெந்துபோவோம். உதவியாளர் அண்ணன் பெரிய பால்மா ரின் ஒன்றை நெடுக்காக வெட்டி விரித்து, அடுப்பைச் சுற்றி மறைப்பாக நிறுத்தினார். அதற்குப் பிறகு சுடர் அசையவில்லை, வெப்பநிலையும் சீராக ஏறியது. இந்தத் தகரத் துண்டைத்தான் எங்கள் கருவிகளிலேயே மிகப் பயனுள்ளது என்று சொல்வேன்.

மயிர்த்துளைக் குழாய்

தூளை வைத்து எண்ணெயில் இறக்குவது இந்த மெல்லிய கண்ணாடிக் குழாயில்தான். கடையில் வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் சோடாக் கண்ணாடிக் குழாயிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். நாங்கள் இழுத்தோம். பன்சன் சுடரில் குழாயின் நடுப்பகுதியைப் பிடித்து, இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி இளகித் தொய்யத் தொடங்கியதும் சுடருக்கு வெளியே எடுத்து, ஒரு கணம் பொறுத்து, இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். சுடருக்குள் வைத்தே இழுத்தால் தலைமயிர் போல மெலிந்து அறுந்துவிடும். உள்விட்டம் 1 மி.மீ. அளவு, நீளம் 10 செ.மீ. அளவு வந்தால் சரி. சுவர் தடித்த துண்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். தடித்த கண்ணாடி வழியே வெப்பம் உள்ளே போகத் தாமதமாகும்.

ஒரு முனையை மூடுவதற்குச் சுடரின் ஓரத்தில் சரிவாகப் பிடித்து உருட்டினால் போதும். மூடியதா என்று பார்க்க அந்த முனையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அதை விரும்புவதில்லை. உள்ளே ஏறிய ஈரத்தை அப்புறம் வெளியே எடுப்பது பெரும்பாடு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் தெரியும்.

தூளை உரலில் நன்றாக அரைத்து, கடிகாரக் கண்ணாடியில் சிறு குவியலாக்கி, குழாயின் திறந்த முனையால் குத்தி எடுக்க வேண்டும். பிறகு நிமிர்த்தித் தட்டினால் தூள் கீழே இறங்கும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் அது அவ்வளவு இலகுவாக இறங்காது, சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றை நிலத்தில் நிமிர்த்தி வைத்து, அதன் வழியே மயிர்த்துளைக் குழாயை விழவிடுங்கள். அடியில் மோதித் துள்ளும்போது தூள் இறுகி அமரும். 2 முதல் 3 மி.மீ. உயரத்துக்குத் தூள் இருந்தால் போதும். கூட அடைத்தால் அடித்தூள் உருகி முடிந்த பின்னும் மேல்தூள் உருகிக்கொண்டிருக்கும், வீச்சு (உருகத் தொடங்குவதற்கும் முடிவதற்கும் உள்ள பாகை வித்தியாசம்) இல்லாமலே வீச்சு காட்டும்.

குழாயை வெப்பமானியுடன் சேர்த்துக்கட்ட இறப்பர்க் குழாயிலிருந்து வெட்டிய மெல்லிய வளையம். தூள் இருக்கும் இடம் வெப்பமானிக் குமிழின் நடுப்பகுதிக்கு நேராக இருக்க வேண்டும். இறப்பர் வளையம் எண்ணெய் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். சூடாகும்போது எண்ணெய் விரிந்து மட்டம் உயரும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இறப்பர் எண்ணெயில் நனைந்தால் ஊதி இளகி, குழாய் வழுக்கி விழும்.

வெப்பமானி சொல்வது உண்மையா?

இந்த வேலையில் அவசரப்படக்கூடாத இடம் இது. எங்களிடம் இருந்தது 250 பாகை வரைக்கும் ஒவ்வொரு பாகையாகக் கோடிட்ட இரச வெப்பமானி. அதை நம்புவதற்கு முன் இரண்டு இடத்தில் சரிபார்த்தோம்.

முதலாவது பனிக்கட்டி. மீன் ஏற்றுகிறவர்களுக்கு ஐஸ் விற்கிற இடத்தில் மலிவாக வாங்கலாம் என்று ஒரு தம்பி சொன்னார். அந்த ஐஸ்ஸில் உப்புத்தண்ணீர் பட்டிருந்தால் 0 பாகைக்குக் கீழே காட்டும். எனவே காய்ச்சி வடித்த நீரையே குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து, நொறுக்கி, அதே நீரைக் கொஞ்சம் ஊற்றி வெப்பமானியை நட்டோம். 0 இல் நின்றது.

இரண்டாவது கொதிநீராவி. இங்கே திருகோணமலைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. நாங்கள் கடல்மட்டத்தில் இருக்கிறோம், தண்ணீர் 100 பாகையிலேயே கொதிக்கும். இதையே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் செய்தால், வளியமுக்கம் குறைவதால் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். வெப்பமானி பிழை என்று நினைத்து நல்ல வெப்பமானியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்! குமிழைத் தண்ணீருக்குள் விடாமல், நீண்ட கழுத்துள்ள குடுவையில் நீராவி சூழ நிறுத்தினோம். 99.5 காட்டியது. ஆக, மேற்பகுதியில் அரைப் பாகை குறைவாகச் சொல்லும் வெப்பமானி. வரும் வாசிப்புகளுடன் 0.5 கூட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

இன்னொரு திருத்தமும் உண்டு. இதைப் பாடசாலைகளில் அநேகமாக விட்டுவிடுகிறார்கள். இரச வெப்பமானியின் கோடுகள், இரச நிரல் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்று வைத்தே போடப்படுகின்றன. எங்கள் முகவையில் குமிழும் அடித்தண்டும் மட்டும்தான் எண்ணெய்க்குள். 40 பாகைக் கோட்டுக்கு மேலே உள்ள தண்டு வெளிக்காற்றில் நிற்கிறது. அந்தப் பகுதி இரசம் குளிர்ந்திருப்பதால் போதுமான அளவு விரியாது, வாசிப்பு குறையும். எவ்வளவு குறையும் என்று கணிக்க ஒரு சிறிய சமன்பாடு: வெளியே நிற்கும் பாகைகளின் எண்ணிக்கையை, வாசிப்புக்கும் தண்டின் சராசரி வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 0.00016 ஆல் பெருக்க வேண்டும். தண்டின் வெப்பநிலைக்கு இரண்டாவது வெப்பமானி ஒன்றைத் தண்டின் நடுவில் சேர்த்துக்கட்டினோம்.

80 பாகையில் இந்தத் திருத்தம் அரைப் பாகைக்கும் குறைவு. 150 ஐத் தாண்டினால் 2 பாகை. உருகுநிலை அட்டவணையில் 2 பாகை என்பது ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குப் போகிற தூரம்.

முதல் போத்தல்

முதலில் எப்போதும் ஒரு வேகமான ஓட்டம். நிமிடத்துக்கு 10 பாகை ஏறினாலும் பரவாயில்லை, எந்தப் பக்கம் உருகுகிறது என்று தெரிந்தால் போதும். இந்தத் தூள் 120 ஐ ஒட்டி உருகியது. எண்ணெயை 100 அளவுக்கு ஆறவிட்டு, புதிய குழாயில் புதிய தூள் வைத்தோம். உருகி உறைந்த குழாயைத் திரும்பப் பாவிக்கக்கூடாது. சூட்டில் சில பொருள்கள் பிரிகையடைந்திருக்கும், சில வேறு பளிங்கு வடிவத்தில் உறைந்திருக்கும்.

இரண்டாவது ஓட்டத்தில் கடைசிப் பாகைகளை நிமிடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை என்ற வேகத்தில் ஏற்றினோம். அதைவிட வேகமாகப் போனால் எண்ணெய், குமிழ், குழாய்க்குள் இருக்கும் தூள் மூன்றும் மூன்று வெப்பநிலையில் நிற்கும். நீங்கள் வாசிப்பது குமிழின் வெப்பநிலை, உருகுவது தூள். மூன்றும் ஒன்றாக வர நேரம் கொடுக்க வேண்டும். பொறுமை என்று பொதுவாகச் சொல்வதில்லை நான், அடுப்பை ஒதுக்கி ஒதுக்கி வைப்பது என்று சொல்வேன். சுடரைச் சிறிதாக்குவதைவிட, அடுப்பைக் கையில் எடுத்துக் காட்டியும் விலக்கியும் சூடாக்குவது எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது.

முதலில் தூள் சுவரை விட்டுக் கொஞ்சம் சுருங்கும். அது உருகல் இல்லை, எழுத வேண்டாம். அப்புறம் ஓரத்தில் ஒரு நனைந்த பளபளப்பு, முதல் திரவத் துளி. அது தொடக்கம். கடைசிப் பளிங்கும் கரைந்து தெளிந்த திரவமாகி, மேலே வளைந்த மட்டம் தெரிந்தால் முடிவு. இரண்டையும் எழுத வேண்டும். உருகுநிலை என்று ஒற்றை எண்ணை மட்டும் எழுதுகிறவர் பாதித் தகவலை எறிந்துவிடுகிறார்.

"ரீச்சர், நனையுது!" என்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை சொன்னபோது வெப்பமானியில் 120. தெளிந்தபோது 120.5. வெளியே நின்ற தண்டு 80 பாகை, அதன் சராசரி வெப்பநிலை 38. திருத்தம் 1.06. வெப்பமானியின் சொந்தக் குறை 0.5. கூட்டினால் 122 பாகையைத் தாண்டுகிறது. வீச்சு அரைப் பாகை. இது அநேகமாகத் தூய பொருள்.

ஆனால் என்ன பொருள்? பென்சோயிக் அமிலத்தின் உருகுநிலை 122.4. சரி, முடிந்தது என்று பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். நிறுத்தச் சொன்னேன். ஈரசோனியம் உப்பைச் சாயமாக மாற்றிக் காட்ட உயர்தரத்தில் 2-நப்தோல் பாவிக்கிறோம், அலுமாரியில் எப்போதும் இருக்கும். அதுவும் உருகுவது 122, 123 பாகையில்தான். இரண்டும் வெள்ளைப் பளிங்கு. ஓர் எண் ஒரு பொருளின் பெயர் ஆகாது. அந்த எண்ணில் உருகுகிற பொருள்கள் பல இருக்கலாம்.

சோடியம் இருகாபனேற்றுக் கரைசலில் போட்டால் பென்சோயிக் அமிலம் நுரைக்கும், நப்தோல் நுரைக்காது. அதைச் செய்தோம், நுரைத்தது. அமிலம் என்று தெரிந்தது, ஆனால் எந்த அமிலம் என்று அந்த நுரை சொல்லாது. அதைச் சொல்வது கலப்பு உருகுநிலை: தூளைத் தெரிந்த பொருளுடன் கலந்தால், இரண்டும் ஒன்றென்றால் உருகுநிலை மாறாது, வேறென்றால் குறையும்.

அலுமாரியின் மேல்தட்டில் லேபலோடு பென்சோயிக் அமிலமும் 2-நப்தோலும் இருந்தன. பெயர் தெரியாத தூளைப் பாதிக்குப் பாதி பென்சோயிக் அமிலத்துடன் அரைத்து ஒரு குழாய். அதே தூளை நப்தோலுடன் அரைத்து இன்னொரு குழாய். தூள் தனியாக மூன்றாவது குழாய். மூன்றையும் ஒரே வெப்பமானியில் அருகருகே கட்டி ஒரே எண்ணெயில் இறக்கினோம். இதன் அழகு என்னவென்றால், வெப்பமானி பிழையாக இருந்தாலும் மூன்றுக்கும் ஒரே பிழை. திருத்தம், சமன்பாடு எதுவும் தேவையில்லை, கண்ணால் ஒப்பிட்டால் போதும்.

நப்தோல் கலந்த குழாய் 100 ஐ எட்டுமுன்பே நனைந்து ஒழுகிவிட்டது. மற்ற இரண்டும் அசையவில்லை. அப்புறம் 120 இல் இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து உருகின. பென்சோயிக் அமிலம்தான். மூன்று குழாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது

இது விரைவாக முடிந்தது. 155.5 இல் தொடங்கி 156 இல் தெளிந்தது. வெளியே நின்ற தண்டு 116 பாகை, சராசரி 40. திருத்தம் 2.15, அதோடு 0.5. மொத்தம் 158.7. சலிசிலிக் அமிலம் 158, 159 இல் உருகும். பீனோல் கூட்டம் (பென்சீன் வளையத்தில் நேரே இணைந்த OH) இருந்தால் நிறம் காட்டுகிற பெரிக் குளோரைட்டுடன் கடும் ஊதா நிறம், லேபல் உள்ள சலிசிலிக் அமிலத்துடன் கலந்தபோது உருகுநிலை குறையவில்லை. தண்டுத் திருத்தம் செய்யாமல் 156 என்று எழுதியிருந்தால் அட்டவணையில் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

வினாகிரி மணத்த போத்தல்

எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவது. மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம். உருகுநிலை பார்த்தால், 116 அளவில் நனையத் தொடங்கி, 120 களில் கூழாகி, 128 இல்தான் ஒருவழியாகத் தெளிந்தது. 12 பாகை வீச்சு. இது தூய பொருளே அல்ல என்று குழாயே சொல்லிவிட்டது.

மணத்தை வைத்து அஸ்பிரின் என்று ஊகித்தோம். அஸ்பிரின் ஈரத்தில் மெல்ல மெல்ல நீர்ப்பகுப்படைந்து சலிசிலிக் அமிலமும் அசற்றிக் அமிலமும் ஆகும். வினாகிரி மணம் இரண்டாவதன் மணம். எங்கள் ஊர் மழைக்காலங்களைச் சரியாக மூடாத போத்தலுக்குள் இருந்து கடந்த அஸ்பிரினுக்கு வேறென்ன நடக்கும்? பெரிக் குளோரைட்டு விட்டதும் இலேசான ஊதா வந்தது. தூய அஸ்பிரினில் பீனோல் கூட்டம் சுதந்திரமாக இல்லை, ஊதா வராது. ஆக, உள்ளே சலிசிலிக் அமிலம் கொஞ்சம் இருக்கிறது.

இங்கேதான் ஒரு பிள்ளை நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "ரீச்சர், அஸ்பிரின் 135 இல உருகும், சலிசிலிக் அமிலம் 158 இல உருகும். ரெண்டும் கலந்தா நடுவிலதானே வரவேணும்? ஏன் 135 க்குக் கீழ வருது?"

உருகுநிலையின் முழு விஷயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. உருகுநிலை என்பது ஒரு சமநிலை. பளிங்கின் மேற்பரப்பை விட்டு மூலக்கூறுகள் திரவத்துக்குப் போகின்றன, திரவத்திலிருந்து பளிங்குக்குத் திரும்பியும் வருகின்றன. இரண்டு வேகமும் ஒன்றாகும் வெப்பநிலைதான் உருகுநிலை. திரவத்தில் வேறொரு பொருள் கரைந்திருந்தால், பளிங்கைத் தொடுகிற மூலக்கூறுகளில் ஒரு பங்கு அந்நிய மூலக்கூறுகள். அவை அஸ்பிரின் பளிங்கில் பொருந்தி அமர மாட்டா. திரும்பிவரும் வேகம் குறைகிறது, வெளியேறும் வேகம் அப்படியே இருக்கிறது. பளிங்கு கரைகிறது. சமநிலை திரும்பவும் வர வெப்பநிலை குறைய வேண்டும். கரைந்திருக்கும் பொருள் தனியாக எத்தனை பாகையில் உருகும் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. உப்பு உருக 801 பாகை வேண்டும். அதே உப்பைப் பனிக்கட்டியில் கலந்தால் உருகுநிலை -21 பாகை வரைக்கும் இறங்கும். நடுவில் எங்கேயும் நிற்பதில்லை.

வீச்சு ஏன் வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. முதல் துளியில் மாசு செறிந்திருக்கும், அதனால் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே அது தோன்றும். மேலும் மேலும் அஸ்பிரின் உருக உருக அந்த மாசு ஐதாகும், உருகுநிலை ஏறிக்கொண்டே போகும். கடைசிப் பளிங்கு கரையும் வெப்பநிலைதான் தூய பொருளின் உருகுநிலைக்குக் கிட்டியது. ஒன்று மட்டும் கவனம். இரண்டு பொருளும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருந்தால், ஆகக் குறைந்த வெப்பநிலையில், தூய பொருள் போலவே கூர்மையாக உருகும். வீச்சு குறைவு என்பதை மட்டும் நம்பிவிடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கற்பூரம் இந்த விஷயத்தில் தனி ரகம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் வாங்குகிற அதே கற்பூரம்தான். ஒரு கிலோகிராம் தண்ணீரில் ஒரு மூல் பொருள் கரைந்தால் உறைநிலை 1.86 பாகை குறையும். கற்பூரத்தில் அதே அளவு கரைந்தால் 40 பாகை அளவு குறையும். கார்ல் ராஸ்ட் என்பவர் 1922 இல் இதையே பயன்படுத்தி, சாதாரண வெப்பமானியும் மயிர்த்துளைக் குழாயும் கொண்டு மூலக்கூற்றுத் திணிவு அளக்கும் முறையை வெளியிட்டார். கற்பூரம் பதங்கமாகும் (உருகாமலே ஆவியாகும்) என்பதால் குழாயின் இரண்டு முனையையும் மூடிவிட வேண்டும். அடுத்த விடுமுறைக்கு இதைச் செய்வோம் என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள்.

சரி, அஸ்பிரினுக்கு வருவோம். மீள்பளிங்காக்கம் செய்தோம், அதாவது கரைத்துத் திரும்பப் பளிங்காக்கி மாசைக் கரைசலிலேயே விட்டுவிடுவது. மிகக் குறைந்த அளவு இளஞ்சூடான எதனோலில் கரைத்து, கலங்கல் தட்டும் வரைக்கும் இளஞ்சூடான நீரைத் துளித்துளியாக விட்டு, மீண்டும் கொஞ்சம் சூடாக்கித் தெளியவைத்து, அசையாமல் ஆறவிட்டோம். நீரோடு நேரம் எடுத்துக் கொதிக்கவைக்கக்கூடாது, எதை நீக்கப் பார்க்கிறோமோ அதையே உண்டாக்குவோம். ஊசி போன்ற பளிங்குகள் வந்தன. பனிக்கட்டியில் வைத்து, வடித்து, குளிர்நீர் கொஞ்சம் விட்டுக் கழுவினோம்.

உலர்த்துவதுதான் இந்த ஊரில் பெரிய வேலை. மேசையில் விரித்துவைத்த பளிங்கு மழைநாளில் காயாது. ஈரமும் ஒரு மாசுதான், உருகுநிலையைக் குறைத்து வீச்சைக் கூட்டும். இறுக்கமான மூடியுள்ள அகன்ற போத்தல் ஒன்றின் அடியில் நீரற்ற கல்சியம் குளோரைட்டைப் பரப்பி, அதற்கு மேல் சிறு கிண்ணத்தில் பளிங்குகளை வைத்து மூடினோம். உருகுநிலை இரண்டு முறை ஒரே இடத்தில் வந்தால்தான் உலர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது எங்கள் முறை.

அஸ்பிரினை அளப்பதில் ஒரு நுணுக்கம். அது உருகும்போதே பிரிகையடையவும் தொடங்கும், குழாயைக் குளிர்ந்த எண்ணெயிலிருந்து மெல்ல ஏற்றினால் உருகுவதற்கு முன்பே கெட்டுவிடும். எண்ணெயை 120 க்குக் கொண்டுவந்த பிறகே குழாயை இறக்கினோம். திருத்தங்களோடு 134 இல் தொடங்கி 135 இல் தெளிந்தது. பெரிக் குளோரைட்டு ஊதா காட்டவில்லை.

கடைசிப் போத்தல் 200 பாகை வரைக்கும் அசையவே இல்லை. எண்ணெய் புகையத் தொடங்கியதால் நிறுத்திவிட்டோம். அநேகமாக அசேதன உப்பு. அதன் கற்றயனையும் (நேர் அயன்) அனயனையும் (எதிர் அயன்) தேடுவது வேறு வேலை, அந்தப் போத்தலைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறோம்.

புதிய லேபல்களைப் பென்சிலால் எழுதினோம். மை ஈரத்தில் பரவும், காரீயம் பரவாது. பெயருக்குக் கீழே திருத்திய உருகுநிலை, தொடக்கமும் முடிவும், பார்த்த மாதமும் வருடமும். ஒட்டிய பிறகு உருக்கிய மெழுகை மேலே பூசிவிட்டார் உதவியாளர் அண்ணன். அஸ்பிரினுக்கு மட்டும் மூடியைச் சுற்றியும் மெழுகு வைத்து, மேல்தட்டில் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம்.